கடல் தெரியாத அறை

கடலோரத்தில் ரூம் தேடுகிறவர்கள் எல்லாரும் போனில் முதலில் கேட்பது, ரூமிலிருந்து கடல் தெரியுமா என்பதுதான். நானும் அதையேதான் கேட்டேன். தெரியும் என்று சொன்னவர்களை எல்லாம் பட்டியலிலிருந்து அடித்தேன்.

வர்க்கலையில் ஒருவர், கட்டிலில் படுத்தபடியே அலை பார்க்கலாம் என்று பெருமையடித்தார். ரொம்ப சந்தோஷம் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். கோவளத்தில் ஒரு லாட்ஜில், முப்பது படி இறங்கினால் மணல் என்றார்கள். முப்பது படியா! நான் குளித்துவிட்டு வருவதற்குள் அந்த மனுஷன் தண்ணீரில் கிடப்பாரே. அதையும் அடித்தேன்.

அந்த மனுஷன் என் வீட்டுக்காரர். ஐம்பத்திரண்டு வயது. சாலை என்கிற கடைத்தெருவில் எங்களுக்கு ஒரு ஹார்டுவேர் கடை. ஆணி, சங்கிலி, வாளி, கடப்பாரை எல்லாம் உண்டு என்றாலும் பேர் வாங்கிக் கொடுத்தது கயிறுதான். என் மாமனார் நாகர்கோவிலிலிருந்து வந்து போட்ட கடை. மீன்பிடிக்கப் போகிறவர்கள் பஸ் ஏறி வந்து எங்களிடம் நைலான் கயிறு வாங்குவார்கள். கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் கல்லாவில் உட்காருவது நான்.

போன வருஷம் ஒருநாள், ஜீப்புக்கு மேலே பலகை வைத்துக் கட்டக் கயிறு வேண்டும் என்று ஒரு தாடிக்காரர் வந்தார். என்ன பலகை என்று இவர் கேட்கப்போக, சர்ஃபிங் சொல்லிக்கொடுக்கிறவராம் அவர். போனில் வீடியோ காட்டினார். நரைத்த தலையோடு ஒரு ஆள் அலை மேல் நின்றுகொண்டு வருகிறார். "அங்கிளுக்கும் பற்றும்", உங்களாலும் முடியும் என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று பிடித்தது பைத்தியம்.

"ஏட்டி, முப்பது வருஷமா இந்தக் கல்லாவுக்குப் பின்னால நின்னாச்சு. ஒரு தடவ தண்ணி மேல நின்னு பாத்துரணும்."

"அதுக்கு மொட்டமாடில வாட்டர் டேங்க் இருக்கு. அது மேல ஏறி நில்லுங்க" என்றேன்.

சிரித்தார். விடவில்லை. ராத்திரி சோற்றுக்கு உட்கார்ந்தால் அலை, காலையில் ஷட்டரைத் தூக்கினால் அலை. நீச்சல் தெரியும்தான். ஊர்க் குளத்தில் படித்த நீச்சல். குளம் ஆளை இழுத்துக்கொண்டு போகாதே!

எனக்குக் கடல் என்றால் பயம். அதைச் சொல்லிக்கொள்ள வெட்கம் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சங்குமுகம் கடற்கரைக்குக் கூட்டிப்போனார்கள். கடலில் முங்கிச் செத்த யாரையோ சுற்றிக் கூட்டம் கூடியிருந்த இடத்தில் மற்றவர்களின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். மணல் ஒட்டிய இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட மறந்திருப்பேன் என்று தோன்றுகிறது. அதற்கப்புறம் இந்த ஊரில் நாற்பது வருஷம் இருந்தும் நான் கணுக்காலுக்கு மேல் கடலில் நனைந்ததில்லை.

எப்போது போவது என்பதில் மட்டும் வீட்டில் சண்டையே கிடையாது. ஆடி மாதம் யாரும் வீடு கட்டத் தொடங்க மாட்டார்கள், பால் காய்ச்ச மாட்டார்கள். இங்கே மலையாளத்தில் அதைக் கர்க்கடகம் என்பார்கள். மழை வேறு கொட்டும். சாலையில் ஹார்டுவேர்க்காரர்கள் எல்லாம் ஈ ஓட்டுகிற மாதம் அது. குற்றாலமோ கொடைக்கானலோ, எங்கள் ஆட்கள் ஊர் சுற்றக் கிளம்புவது ஆடியில்தான். கடலுக்கும் அப்படித்தான் என்று இவர் முடிவு கட்டிவிட்டார். ஊரும் ரூமும் பார்க்கிற வேலையை என் தலையில் கட்டினார். தாடிக்காரரிடம் பேசச் சொல்லி நம்பரையும் கொடுத்தார்.

பேசினேன். அவர் பதறிவிட்டார். "ஐயோ சேச்சி, கர்க்கடகத்தில் ஒரு காரணவசாலும் இறங்கருது. கடல் இளகிக் கிடக்குவா. துலாம் ஆகட்டே, ஞான் தன்னே படிப்பிக்காம்" என்றார். கடல் கொந்தளித்துக் கிடக்கிறது, எந்தக் காரணத்துக்காகவும் இறங்கக் கூடாதாம். ஐப்பசி வரட்டும், நானே சொல்லித்தருகிறேன் என்கிறார்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. ஆடியில் வகுப்பு கிடையாது. மற்ற மாதங்களில் இவரால் கடையை விட்டு நகர முடியாது. அப்படியானால் ஆடியிலேயே போவோம். போன இடத்தில், தாடிக்காரர் அவசரமாக ஊருக்குப் போய்விட்டாராம் என்று ஒரு பொய் சொன்னால் போதும். இரண்டு நாள் மீன்கறி தின்றுவிட்டுத் திரும்பலாம். அடுத்த வருஷத்துக்குள் பைத்தியம் தெளிந்துவிடும். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். இவரிடம், "வாத்தியார் வாறாராம், நேரா அங்க வரச் சொன்னார்" என்றேன்.

அந்தப் பட்டியலில் கடைசியாக நின்றது கோவளத்துக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். ஒரு அம்மா தனியாக நடத்துகிற வீடு. கடல் தெரியாது. தென்னந்தோப்பு வழியாகப் பத்து நிமிஷம் நடக்க வேண்டும். அலைச் சத்தமாவது கேட்குமா என்று கேட்டதற்கு, காற்று இந்தப் பக்கம் அடித்தால் கேட்கும் என்று வருத்தத்தோடு சொன்னார். உடனே இரண்டு ராத்திரிக்கு முன்பணம் அனுப்பிவிட்டேன். போட்டோவை நாலு தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். பின்பக்கம் துணி காய்கிற கொடி. அதற்குப் பின்னால் சுவரில் வெள்ளையாக ஏதோ சாய்ந்திருந்தது. இஸ்திரி போடுகிற மேஜை என்று நினைத்தேன்.

கிளம்புகிற அன்று பையில் என் பங்குக்கு ஒன்று எடுத்துவைத்தேன். கடையில் இருப்பதிலேயே நல்ல நீல நைலான் கயிறு, ஐம்பது மீட்டர். எதற்கு என்று கேட்டிருந்தால் எனக்கே பதில் தெரிந்திருக்காது. எங்கள் கயிறு அறுந்தது என்று எந்த மீன்காரரும் திரும்பி வந்ததில்லை, அவ்வளவுதான்.

போய்ச் சேர்ந்ததும் பொய்யைச் சொன்னேன். இவர் முகம் வாடிவிட்டது. பாவமாகத்தான் இருந்தது. அந்த வீட்டை நடத்துகிற சேச்சி மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்தார். சாப்பிட்டுக் கைகழுவப் பின்பக்கம் போன இவர் அங்கிருந்து சத்தம் போட்டார்.

"ஏட்டி! இங்க வந்து பாரு!"

இஸ்திரி மேஜை என்று நான் நினைத்தது சர்ஃபிங் பலகை. எப்போதோ தங்கிப் போன வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுப்போனதாம். இவர் அதைத் துடைத்து, தடவிக்கொடுத்து, மாட்டைப் பார்ப்பதுபோல நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார். காலில் மாட்டுகிற கயிறு இற்றுப்போயிருந்தது. "இத ஆட்டுக்குக்கூடக் கட்ட முடியாது" என்று பிடுங்கி எறிந்தார்.

"வாத்தியார் இல்லாம என்ன செய்வீங்க?"

"வீடியோ எம்புட்டு பாத்தாச்சு! முட்டளவு தண்ணில படுத்துப் பழகுதேன். இதுல என்ன இருக்கு?"

சேச்சிகூட, இப்போது இறங்க வேண்டாம் என்றார். "முட்டளவுதான் சேச்சி" என்று இவர் அவரையும் சமாளித்துவிட்டார்.

அப்போதே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாத்தியார் ஊருக்குப் போகவில்லை, ஆடியில் இறங்கினால் ஆபத்து என்று என்னிடம் சொன்னார். இந்த ஒரு வாக்கியம் போதும், இவர் கேட்டிருப்பார். கேட்கிற ஆள்தான். ஆனால் கூடவே என் பொய்யும் வெளியே வரும். இத்தனை நாள் பலகை பலகை என்று குழந்தைபோலக் குதித்த மனுஷனை நான் ஏமாற்றிக் கூட்டிவந்தது தெரியும். ராத்திரி முழுக்க அந்த வாக்கியம் தொண்டைவரை வந்து வந்து போனது.

காலையில் மழை விட்டு நல்ல வெயில். தோப்பு வழியாகப் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். சேச்சியும் கூட வந்தார். நான் பையிலிருந்து கயிற்றை எடுத்தேன்.

"இத இடுப்புல கட்டிக்கிடுங்க. ஒரு நுனி என் கையில இருக்கும். கட்டாம கால் வச்சா நான் பாட்டுக்கு பஸ் ஏறிப் போயிருவேன்."

"என்னைய என்ன கன்னுக்குட்டின்னு நெனச்சியா?" என்று சிரித்தார். ஆனாலும் கட்டிக்கொண்டார். லாரியில் பாரம் கட்டுகிற முடிச்சு, இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு. அவருக்குக் கை வந்தது அது ஒன்றுதான்.

எங்கே இறங்குவது என்பதையும் நானே பார்த்துச் சொன்னேன். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. நடுவில் மட்டும் ஒரு பத்தடி அகலத்துக்கு அலையே இல்லாமல் அமைதியாக இருந்தது. ரூமைத் தேர்ந்தெடுத்த அதே புத்தியோடு அதைக் காட்டினேன். அந்த அமைதியான இடத்தில்தான் தண்ணீர் கடலுக்குத் திரும்பிப் போகிறது, ஆளையும் சேர்த்துக் கொண்டுபோகும் என்பதெல்லாம் பிறகு எனக்குச் சொன்னார்கள்.

பலகை மேல் குப்புறப் படுத்தார். கையைக் காட்டினார். அவ்வளவுதான். அவர் துழாவவே இல்லை, பலகை தானாகப் போனது. கயிறு என் கையில் ஓடியது. ஐயோ, எவ்வளவு வேகமாக ஓடியது! சட்டென்று நுனியை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக் குதிகாலை மணலில் ஊன்றினேன். கயிறு விறைத்தது. அந்த இழுப்பில் அவர் பலகையிலிருந்து புரண்டு விழுந்தார்.

இழுத்தேன். என் பலம் எல்லாவற்றையும் கொண்டு இழுத்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் அவர் தலை தண்ணீருக்குள் போனது. மேலே வரும்போது நான் மறுபடி இழுத்தேன், அதே நேரம் அலை வந்து அவரை மூடியது. அவர் கை ஆட்டினார். இன்னும் இழு என்கிறார் என்று நினைத்துக்கொண்டு இன்னும் இழுத்தேன். வாயில் வந்த சாமி பேரெல்லாம் கத்திக்கொண்டு இழுத்தேன்.

சேச்சி என் தோளைப் பிடித்து உலுக்கினார். "விடு! கயறு விடு! ஆளு முங்குவாணு!"

விடுவதா? என் புருஷனை என் கையால் கடலில் விடுவதா? சேச்சி மறுபடி கத்தினார். "நீ வலிச்சிட்டாணு முங்குன்னது! விடு!"

அப்போதுதான் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது புத்தியில் ஏறியது. நான் இழுப்பதால்தான் முங்குகிறார். சுற்றைப் பிரிக்கக் கை வரவில்லை, சதைக்குள் புதைந்திருந்தது. சேச்சிதான் என் விரல்களைப் பிரித்தார். கடைசிச் சுற்றை நானே விட்டேன். நீல நுனி மணலில் பாம்புபோல ஓடித் தண்ணீருக்குள் போயிற்று.

அதற்கப்புறம் அவர் எனக்குத் தெரியவில்லை. பலகையும் தெரியவில்லை. நான் மணலில் உட்கார்ந்து என் பாதங்களைப் பார்த்தேன். மணல் ஒட்டியிருந்தது. இனி அந்த ஒரு வாக்கியத்தை யாரிடம் சொல்வேன் என்று மட்டும் நினைத்தது நினைவிருக்கிறது.

கயிறு விட்டதும் அவருக்குப் பலகை கைக்கு எட்டியிருக்கிறது. அதைக் கட்டிக்கொண்டு சும்மா கிடந்திருக்கிறார். தண்ணீர் அவரை வெளியே கொண்டுபோய்ப் பக்கவாட்டில் தள்ள, அங்கிருந்து அலையே கரைக்குத் தள்ளிவிட்டது. வடக்கே ரொம்ப தூரத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த இரண்டு பேர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இழுத்துப் போட்டார்கள். நான் ஓடிச் சேர்ந்தபோது வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். இடுப்பு முடிச்சைக் கத்தியால்தான் அறுக்க வேண்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். இருபத்தாறு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

கடைக்குத் திரும்பி ஒரு வாரம் இருக்கும். கயிறு வாங்க வந்தவரிடம் கதை நடந்துகொண்டிருந்தது. "நம்ம கயிறாக்கும்! இவ கையப் பாருங்க, தோல் உரிஞ்சும் கடைசி வரைக்கும் விடல்ல" என்று என் உள்ளங்கையைப் பிடித்து விரித்துக் காட்டினார். வந்தவர் உச்சுக்கொட்டிவிட்டுப் போனார். எனக்குக் கூசியது. இதற்குமேல் தாங்காது என்று தோன்றியது.

"நான் விட்டுட்டேன். நானேதான் விட்டேன். இழுத்ததுனாலதான் நீங்க முங்குனீங்க. இன்னொண்ணும் இருக்கு. வாத்தியார் ஊருக்குப் போகல்ல. ஆடில இறங்கப்பிடாதுன்னு அன்னைக்கே எங்கிட்ட சொன்னார். நான் மறச்சிட்டேன். பயம்."

அவர் கயிற்றுச் சுருளைத் தராசில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"கரையில உன்னையப் பாத்ததும் நீ விட்டது எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார் கடைசியில். "தண்ணி குடிச்சேன், மூச்சு முட்டிச்சு, அதுக்கெல்லாம் நான் பயப்படல்ல. திடீர்னு கயிறு லேசாச்சு பாரு, அப்பம்தான் பயந்தேன். உன்னைய உள்ள இழுத்துப் போட்டுட்டேன்னு நெனச்சேன். உனக்கு நீச்சல் தெரியாதே ஏட்டி."

நான் தோல் உரிந்த உள்ளங்கையை மூடிக்கொண்டேன்.

"வாத்தியார் எப்பம் வரச் சொன்னார்?"

"ஐப்பசில."

"கடைய ரெண்டு நாள் பூட்டுவோம். ரூம் நீயே பாரு. ஆனா கடல் தெரியுத ரூமா பாரு."

"எதுக்கு?"

"நீ சன்னல்ல நில்லு. தண்ணில இருந்து பாத்தா நீ கரையில நிக்குதது எனக்குத் தெரியணும்."

கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தே போனை எடுத்தேன். பயம் அப்படியேதான் இருந்தது. அந்தப் பக்கம் எடுத்ததும், ரூமிலிருந்து கடல் தெரியுமா என்று கேட்டேன்.