மந்திரிக்கு ஒரு பீரங்கி மரியாதை

சீனாக்காரனோடு சண்டை முடிந்த மறு வருஷம் நடந்தது இது. அப்போது நான் சிவகாசிக்குப் பக்கத்தில், எம். புதுப்பட்டிக்குப் போகிற வழியில் இருக்கும் ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் டிரில் மாஸ்டராக வேலை பார்த்தேன். எனக்குச் சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம், கடலோரம். வெடியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் கொளுத்துவது மட்டும்தான். ஆனால் அணிவகுப்பு, சல்யூட், கொடியேற்றம் இதிலெல்லாம் இந்த ஜில்லாவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று ஒரு நினைப்பு மட்டும் தலை நிறைய இருந்தது.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு கண்மாய். வருஷத்தில் பாதி நாள் வறண்டு கிடக்கும். அதன் அக்கரையில் பட்டாசுக் கம்பெனி. ஊரில் முக்கால்வாசி வீடுகளில் யாராவது ஒருவர் அங்கே வேலைக்குப் போனார்கள். புதுச் சரக்கு எப்படி வெடிக்கிறது என்று பார்க்க, கம்பெனியில் அவ்வப்போது கண்மாய்க்குள் வைத்து வெடித்துப் பார்ப்பார்கள். ‘சாம்பிள் போடுவது’ என்று அதற்குப் பெயர். அதற்கு முன்னால் தண்டோராக்காரர் தெருத் தெருவாக வந்து சொல்லிவிட்டுப் போவார். ரெண்டு வெடி வெடிக்க இம்புட்டு ஆர்ப்பாட்டமா என்று எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு சமைத்தவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். புருஷன் இல்லாதவர். மூத்த மகள் சில வருஷங்களுக்கு முன்னால் கம்பெனியில் வெடிமருந்து ஷெட் தீப்பிடித்ததில் போய்விட்டாள். இளையவள் அதே கம்பெனியில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். “மறுபடியும் அங்கேயே அனுப்புகிறீர்களே அக்கா?” என்று ஒரு தடவை புத்திசாலி மாதிரிக் கேட்டுவைத்தேன். “வேற எங்கன சார் அனுப்ப? காடு கரையா கெடக்கு எங்களுக்கு?” என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு அரிசி களைந்தார்.

இப்படியிருக்கும்போது ஒரு செய்தி வந்தது. டில்லியில் நாட்டுப் பாதுகாப்பு இலாகாவைக் கவனித்துக்கொண்டிருந்த மந்திரி மதுரையிலிருந்து தெற்கே போகிறார். வழியில் எங்கள் பள்ளியில் இறங்கி, மாணவர் படையின் அணிவகுப்பைப் பார்த்துவிட்டுப் போவார். கம்பெனி முதலாளிதான் யார் யாரையோ பிடித்து இந்த ஏற்பாட்டைச் செய்திருந்தார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. தரைப்படை, கப்பல் படை, விமானப்படை மூன்றுக்கும் தளபதிகள் யாருக்குப் பதில் சொல்கிறார்களோ அந்த மனிதர், என் பையன்களின் மரத் துப்பாக்கி சல்யூட்டை ஏற்றுக்கொள்ளப் போகிறார்!

வரவேற்பைப் பற்றிப் பேசக் கூடியபோது நான்தான் எழுந்து அந்த யோசனையைச் சொன்னேன். பெரிய தலைவர்களுக்குப் பீரங்கி வெடித்து மரியாதை செய்வார்கள். நம்மிடம் பீரங்கி இல்லாவிட்டால் என்ன, சரக்குக்கா பஞ்சம்? சணல் சுற்றிய அணுகுண்டு வெடியைப் பெரிதாகச் செய்து கண்மாய்க்குள் புதைத்து வெடித்தால் பீரங்கி தோற்றுப்போகும். முதலாளிக்கு முகமெல்லாம் பல்.

“நல்ல யோசனை சொன்னீக சார். நம்ம சரக்கு எப்பிடிப் பேசுதுன்னு டில்லிக்காரரு காதால கேட்டுட்டுப் போகட்டும்!”

சரவெடியும் சேர்த்துப் போடலாம் என்று யாரோ சொன்னார்கள். நான் ஒரே பிடியாக மறுத்தேன். சரவெடி கல்யாண வீட்டுக்கு. பீரங்கி மரியாதை என்றால் ஒரு குண்டு, பிறகு நிறுத்தம், அப்புறம் அடுத்த குண்டு. மனதுக்குள் பரமண்டல ஜெபத்தை ஒரு தடவை சொல்லி முடிக்கிற நேரம் இடைவெளி என்று அளவும் நானே வைத்தேன். என் கைக்குட்டை ஆடினால் கரையில் நிற்கிற கம்பெனி ஆள் கீழே சைகை காட்டுவார், கீழே இருப்பவர் திரியைப் பற்றவைப்பார். ஒத்திகை மட்டும் பார்க்கவில்லை, மந்திரியின் காதில்தான் முதல் சத்தம் விழவேண்டும் என்று.

போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்து இன்னொரு கட்டளை போட்டார். வருகிறவர் பாதுகாப்பு மந்திரி. அதனால் நாளும் நேரமும் வெளியே தெரியக் கூடாது. நோட்டீஸ், தண்டோரா எதுவும் கூடாது. முதல் நாள் சாயங்காலம், வழக்கப்படி முதலாளி சொல்லியனுப்பியிருந்த தண்டோராக்காரர் தமுக்கோடு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். அவரைத் திருப்பி அனுப்பியது நான்தான்.

“வெடின்னா ஊருக்குச் சொல்லிட்டுல்ல சார் போடுவாக?” என்றார்.

“இது அரசாங்க ரகசியம்ப்பா, நீ போ” என்றேன்.

சமையல்கார அக்காவிடமும் மறுநாள் வர வேண்டாம் என்று சொன்னேன். வெளியாட்கள் யாரும் இருக்கக் கூடாது என்பது போலீஸ் உத்தரவு. “பிள்ளைக பட்டினியால்ல கெடக்கும், எதுக்கு சார் வரவேணாங்கீக?” என்று கேட்டார். அவரிடமும் அதே அரசாங்க ரகசியம். எனக்குத் தெரிந்தது ஊரில் யாருக்கும் தெரியாது என்பதில் அப்படி ஒரு மிதப்பு எனக்கு.

மறுநாள் முற்பகலில் மந்திரியின் கார் கொடி பறக்க மைதானத்துக்குள் வந்தது. பையன்கள் வரிசை பிசகாமல் நின்றார்கள். மந்திரி இறங்கினார். நான் சல்யூட் அடித்துவிட்டுக் கைக்குட்டையை ஆட்டினேன்.

முதல் குண்டு வெடித்ததில் பள்ளிக்கூட ஓடுகள் கிடுகிடுத்தன. மறு நிமிஷம் மந்திரியைக் காணோம். கூட வந்த காவல்காரர்கள் அவரை அமுக்கிக் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இன்ஸ்பெக்டரும் முதலாளியும் ஓடிப்போய், மரியாதை, மரியாதை என்று கையைக் காலை ஆட்டி விளக்கினார்கள். மந்திரி வேட்டியில் ஒட்டிய புழுதியைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தார். நல்லவேளை, சிரித்தார். நானும் தெம்பாகப் பரமண்டல ஜெபத்தைச் சொல்லி முடித்து, இரண்டாவது குண்டுக்குக் கைக்குட்டையை ஆட்டினேன். பிறகு மூன்றாவது.

அந்த மூன்றாவது சத்தத்தில்தான் முதலாளியின் முகம் மாறியது. கம்பெனி இருந்த திசையைத் திரும்பிப் பார்த்தார். அவர் கால் தன்னால் ரெண்டு எட்டு முன்னால் போய் நின்றது.

“சார், நிறுத்துங்க. ஒண்ணொண்ணா விட்டு விட்டு வெடிச்சா ஷெட்டு ஷெட்டாப் போகுதுன்னுல்ல அர்த்தம். எனக்கே ஈரக்கொலை நடுங்குது” என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை, ஊர்ப் பக்கமிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். கம்பெனிக்குக் குறுக்கு வழி பள்ளி மைதானம்தான். மந்திரியும் தெரியவில்லை, காரும் தெரியவில்லை அவர்களுக்கு. ஒருத்தி கையில் அகப்பை. ஒருத்திக்குப் பாதித் தலையில் எண்ணெய், மீதித் தலை விரிந்து கிடந்தது. கைப்பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒருத்தி. யாரும் அழவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம்தான் வரவில்லை. என் பையன்கள் மரத் துப்பாக்கியைப் போட்டுவிட்டு வரிசையை உடைத்துக்கொண்டு அவர்களுக்குக் குறுக்கே ஓடினார்கள். “ஆத்தா, ஓடாதீக! அது மருவாதை வெடி!” என்று ஒருவன் தன் தாயின் கையைப் பிடித்து இழுத்தான். அவள் அவனையும் இழுத்துக்கொண்டு ஓடினாள்.

அந்தக் கூட்டத்தில் சமையல்கார அக்காவும் இருந்தார். என்னைத் தாண்டித்தான் ஓடினார். கண்மாய்க் கரையில் ஏறும்போது வழுக்கி விழுந்தார். சரியாக அந்த நேரம் பார்த்து நாலாவது குண்டு வெடித்தது. நான் கைக்குட்டையை ஆட்டவில்லை. அடுத்த முறைக்கு என்று திரியை முன்கூட்டியே பற்றவைத்துவிட்டார்களாம். விழுந்தவர் காதைப் பொத்திக்கொண்டு அப்படியே குனிந்தார். பிறகு கையை ஊன்றி எழுந்து மறுபடியும் ஓடினார்.

மந்திரி என்ன விஷயம் என்று கேட்டார். முதலாளி தமிழில் சொல்லச் சொல்ல, ஓர் அதிகாரி அவருக்கு இங்கிலீஷில் சொன்னார். மந்திரியின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. ஒன்றும் ஆகவில்லை என்று இந்த ஊருக்குச் சொல்ல உங்களிடம் என்ன இருக்கிறது, ஆலைச் சங்கு மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். நான்தான் தலையைக் குனிந்துகொண்டு, ஒரு தண்டோராக்காரர் இருக்கிறார், நேற்று நான்தான் திருப்பி அனுப்பினேன் என்று சொன்னேன். மந்திரி என்னைத் திட்டவில்லை. தன் காரைக் காட்டி, போய் அவரை ஏற்றிக்கொள் என்றார்.

இன்ஸ்பெக்டர் பதறினார். பாதுகாப்பு, நேரம் என்று என்னென்னவோ சொன்னார். மந்திரி காதில் வாங்காமல் வேப்பமர நிழலில் போய் நின்றுகொண்டார்.

தண்டோராக்காரரை அவர் வீட்டு வாசலில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனோம். அவர் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டித் தமுக்கை அடித்தார். மந்திரியின் கார், முன்னால் கொடி, பக்கத்தில் தமுக்கு. “கம்பெனியில ஒண்ணும் ஆகலை! எல்லாரும் நல்லா இருக்காக! மந்திரிக்குப் போட்ட வெடி! பயப்படாதீக!” தெருவில் பெண்கள் அங்கங்கே அப்படியே உட்கார்ந்தார்கள். ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார். காரையா, தமுக்கையா, சாமியையா என்று தெரியவில்லை. நான் முன் சீட்டில் எவ்வளவு குறுக முடியுமோ அவ்வளவு குறுகி உட்கார்ந்திருந்தேன்.

கம்பெனி வாசலில் ஒரே கூட்டம். உள்ளே இருந்தவர்களும் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் பக்கத்து ஷெட்தான் போய்விட்டது என்று வெளியே பாய்ந்திருந்தார்கள். முள்வேலியில் கிழிபட்டவர்களைத் தவிர யாருக்கும் பெரிதாக ஒன்றுமில்லை. அதை இன்றைக்கு எழுதும்போதும் கடவுளுக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். சமையல்கார அக்கா இளைய மகளின் முகத்தை, கையை, முதுகை என்று தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் கையெல்லாம் லேபிள் பசை. “ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்லம்மா” என்று அவள்தான் அம்மாவைத் தேற்றினாள்.

நான் காரிலிருந்து இறங்கினேன். எல்லோரும் சேர்ந்து என்னைத் திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அக்கா என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் சரி செய்துகொண்டு பக்கத்தில் வந்தார். முழங்கால் சிராய்த்துச் சேலையில் ரத்தம் கசிந்திருந்தது.

“தப்பா நெனச்சுக்கிடாதீக சார். பெரியவுக வந்திருக்கிற நேரத்துல குறுக்க ஓடி உங்க விசேஷத்தைக் கெடுத்துப்புட்டோம்” என்றார்.

மன்னிப்புக் கேட்கவேண்டியவன் நான். அதையும் அவர் முந்திக்கொண்டு கேட்டுவிட்டார். தமுக்கடிப்பவர், டிரைவர், அத்தனை பெண்கள் முன்னால் நான் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி நின்றேன்.

திரும்பி வந்தபோது மந்திரி இன்னும் வேப்பமரத்தடியில்தான் இருந்தார். ஓடாமல் மிஞ்சிய பையன்களோடு பேசிக்கொண்டிருந்தார். எல்லோரும் பத்திரம் என்று தெரிந்த பிறகுதான் காரில் ஏறினார். ஏறும் முன் என்னைக் கூப்பிட்டு, எனக்குப் புரியும்படி மெதுவாக இங்கிலீஷில் சொன்னார். பீரங்கி மரியாதை ராஷ்டிரபதிக்கு உண்டு, மந்திரிகளுக்குக் கிடையாதாம். அதிலும்கூட என் பாடம் தப்பு! அதைவிட அடுத்து அவர் சொன்னதுதான் உள்ளே போய்த் தைத்தது. சத்தம் கேட்டதும் என்னை அதற்கு எட்டாத பக்கம் இழுத்துக்கொண்டு போக இத்தனை பேர் இருக்கிறார்கள், இவர்கள் எல்லோரும் சத்தம் வந்த திசையைப் பார்த்தல்லவா ஓடுகிறார்கள் என்றார். அவ்வளவுதான், கார் போய்விட்டது.

அன்று சாயங்காலம் பையன்கள் போட்டுவிட்டுப் போன மரத் துப்பாக்கிகளை நான் ஒருவனே பொறுக்கி அடுக்கினேன். மறுநாள் அக்கா நொண்டிக்கொண்டே வந்து வழக்கம்போல அடுப்பு மூட்டினார். நான் போய் மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் என்னத்துக்கு சார், சாப்பிட்டீகளா?” என்றார். அத்தோடு அவரைப் பொறுத்தவரை பேச்சு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

முடியவில்லை. அதற்குப் பிறகு நான் மாற்றலாகிப் போகும் வரையில், பள்ளியில் சுதந்திர தினமோ, விளையாட்டு விழாவோ, யாராவது அதிகாரி வருவதோ எதுவானாலும், காலையில் அக்கா சமையல் கொட்டகையிலிருந்து என் வகுப்பு வாசலுக்கு வருவார். கோபமோ குத்தலோ கொஞ்சமும் இல்லாமல், உப்பு இருக்கிறதா என்று விசாரிக்கிற குரலில், “இன்னைக்கு வெடி உண்டுமா சார்?” என்று கேட்பார். “இல்லை அக்கா” என்று சொல்வேன். கேட்டுக்கொண்டு போய்விடுவார்.

பாதுகாப்பு மந்திரி என்று இன்றைக்கும் பேப்பரில் எங்கேயாவது படித்தால், அந்த வேப்பமரத்தடி மனிதரை மரியாதையோடு நினைத்துக்கொள்கிறேன். ஆனால் கூடவே வகுப்பு வாசலில் அக்கா வந்து நிற்கிறார், அவருக்கு ஒரு தடவைகூட முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னதில்லையே என்று இந்த வயதிலும் என் தலை தானாகக் குனிந்துகொள்கிறது.