நாக்கில் வைத்த சூரை

மார்கிறட் அக்காவிடம் மீனைப் பற்றி யாரும் கதை விட முடியாது. முல்லைத்தீவுக் கரையில், மீனவர் சங்கத்தின் ஐஸ் வாடிக் கொட்டகையில், பன்னிரண்டு வருடமாக அவர் சொன்னதுதான் சட்டம். கூடை இறங்கியதும் செவுளைத் தூக்கிப் பார்ப்பார், கண்ணைப் பார்ப்பார், வயிற்றில் பெருவிரலால் ஒரு அமத்து அமத்துவார். அமத்திய இடம் உடனே மேலே எழும்பினால் மீன் ஐஸுக்குள் போகும். குழியாகவே நின்றால் கருவாட்டுக்குப் போகும். படகுக்காரர் முறைத்தால் அவரும் திருப்பி முறைப்பார்.

என் பெயர் செந்தூரன். ஊர் தண்ணீரூற்று. பட்டா என்கிற சின்ன லொறியில் ஐஸ் ஏற்றி அந்த வாடிக்குக் கொண்டுபோவது என் தொழில். போன முதல் நாளே ஏச்சு விழுந்தது. பெட்டியின் அடித்துளையை நான் அடைத்து வைத்திருந்தேன், குளிர்ந்த தண்ணீர் வீணாகப் போகிறதே என்று.

"தம்பி, மீன் செத்திட்டுது. இனி அதுக்கு நீந்தத் தண்ணி வேண்டாம்" என்று சொல்லித் துளையைத் திறந்துவிட்டார். உருகிய தண்ணீரில் ஊறினால் மீன் சீக்கிரம் கெடும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

சூரை மீனுக்கு மட்டும் அவரிடம் தனிச் சோதனை இருந்தது. சூரை சில மணி நேரம் வெயிலில் கிடந்தாலே சதைக்குள் நஞ்சு ஊறத் தொடங்கிவிடும். பிறகு ஐஸ் போட்டால் மீன் விறைக்கும், கண் பளபளக்கும், நாற்றமும் இராது. ஆனால் ஊறினது ஊறினதுதான், அடுப்பில் வைத்தாலும் போகாது. ஒருமுறை அவர் கண்ணால் மட்டும் பார்த்து நல்லதென்று விட்ட சூரையைத் தின்று ஒரு வீட்டில் ஐந்து பேர் உடம்பெல்லாம் சிவந்து தடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அன்றிலிருந்து முள்ளோரத்தில் நகமளவு சதை கிள்ளி, நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். நாக்கு அரித்துச் சுணைத்தால் துப்பிவிட்டு, "புதையுங்கோ" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை.

நான் சொல்ல வந்தது 2022இல் நடந்தது. டீசல், மண்ணெண்ணெய் என்று எல்லா எண்ணெய்க்கும் நாடே வரிசையில் நின்ற காலம். மார்கிறட் அக்காவின் கணவர் வின்சனும் அக்காவின் கூடப்பிறந்த தம்பி கொன்ஸ்ரன்ரைனும் ஒரே படகில் தொழிலுக்குப் போனார்கள். விடியுமுன் இருட்டில் வலை இழுக்கும்போது அலை அடித்துக் கொன்ஸ்ரன்ரைன் கடலில் விழுந்துவிட்டான். வின்சன் மட்டும் திரும்பி வந்தார். உடல் கிடைக்கவில்லை. மதியம் வரைக்கும் தேடினேன் என்று வின்சன் சொன்னார். ஒரு கான் மண்ணெண்ணெயோடு போனவர் எப்படி மதியம் வரைக்கும் தேடினார் என்று கரையில் கதை வந்தது. யாரும் அவருடன் கடலுக்குப் போக வரவில்லை. கொன்ஸ்ரன்ரைனின் மனைவி பிறின்சி அவர் இருந்த பக்கமே திரும்பவில்லை.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் இறந்தவரின் முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு நடக்கும் சாப்பாட்டுக்கு, அவர் கடைசியாகப் போன படகுதான் மீன் கொண்டுவர வேண்டும். அந்த மீனை மனைவி தன் கையால் கறியாகக் காய்ச்சிப் பரிமாறினால், படகில் கூடப் போனவன் மீது அவளுக்குக் குறை இல்லை என்று அர்த்தம். காய்ச்ச மறுத்தால் அவனுக்கு அந்தக் கரையில் இடமில்லை.

முப்பத்தோராம் நாளுக்கு மூன்று நாள் முன் பிறின்சி வாடிக்கு வந்தாள். "மச்சாள், வின்சன் அண்ணையைப் போகச் சொல்லுங்கோ. கொண்டுவாறதை நான் காய்ச்சுறன்" என்றாள். அவள் போன பிறகு மார்கிறட் அக்கா என் வாகனக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நாங்கள் தப்பியிட்டம், தம்பி" என்றார். அவர் அழுது நான் அன்றுதான் பார்த்தேன்.

ஆளுக்கு அரைப் போத்தலாகச் சங்கத்தார் மண்ணெண்ணெய் சேர்த்துக் கொடுத்தார்கள். வின்சன் தனியாகப் போனார். ஐஸ் இல்லாமல் போனார், ஏனென்றால் ஐஸ் கொண்டுவர வேண்டிய நான் இரண்டு நாளாக டீசல் வரிசையில் நின்றேன். விடியலில் வலை இழுத்திருக்கிறார். நாற்பது சூரை. திரும்பும்போது இயந்திரம் நின்றுவிட்டது. கரைக்கு வந்தபோது பதினொரு மணி. நான் ஐஸோடு போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி. மார்கிறட் அக்கா விடிந்ததிலிருந்து கரைப் பக்கம் வராமல் பிறின்சி வீட்டு முற்றத்தில் நிழலுக்குத் தறப்பாள் கட்டிக்கொண்டிருந்தார். வின்சனும் நானுமாக மீனை ஐஸில் அடுக்கினோம்.

"அவா கேட்டால், விடியவே வந்து ஐஸ் போட்டது எண்டு சொல்லு" என்றார் வின்சன். எனக்குத் தெரியாதென்று சொல்ல மாட்டேன். தெரிந்துதான் தலையாட்டினேன்.

மறுநாள் காலை மார்கிறட் அக்கா பெட்டியைத் திறந்தார். செவுள் சிவப்பாக இருந்தது. வயிறு கல்லாக இருந்தது.

"எப்ப ஐஸ் போட்டது?"

"விடியவே. செந்தூரனும் நிண்டவன்" என்றார் வின்சன்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் "ஓம் அக்கா" என்றேன். அவர் முகம் மலர்ந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மீது வெறுப்பு வருகிறது. பழக்கத்தில் அவர் விரல் முள்ளோரத்தைக் கிள்ளியது. நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். துப்பினார். அடுத்த மீனைக் கிள்ளினார், துப்பினார். எட்டாவது மீன் வரைக்கும் போனார். உதடு சிவந்து தடித்துவிட்டது. ஒன்பதாவது மீனைக் கையில் வைத்துக்கொண்டு, "மாதாவே, இது ஒண்டையெண்டாலும்" என்றார். அதுவும் சுணைத்தது.

"கொறுக்காய்ப் புளி கூடப் போட்டுக் காய்ச்சினால் போகும்" என்றார் வின்சன். "ஒரு நாள்தானே மார்கிறட். ஒருத்தரும் சாக மாட்டினம். இந்த மீன் போகாட்டி நான் முடிஞ்சன்."

"சின்னப் பிள்ளையளும் தின்னப்போகுதுகள்."

"உனக்கு நான் பெரிசோ, ஊராற்ர பிள்ளையள் பெரிசோ?"

அக்கா மீனையெல்லாம் கூடையில் அள்ளினார். கூடையை இழுத்துக்கொண்டு வாடியின் பின்பக்கம் போனார். வேறு மீன் வாங்கலாம் என்று நான் உளறினேன். கடலுக்குப் போக யாரிடமும் எண்ணெய் இல்லை, அப்படி இருந்தாலும் அது அந்தப் படகு மீன் இல்லை. வின்சன் குழி வெட்டினார். வெட்ட வெட்ட அவர் தோள் குலுங்கியது.

பாதி மீனைக் கொட்டியபோது பிறின்சி வந்துவிட்டாள். மீன் எடுத்துப் போக அலுமினியத் தாச்சியோடு வந்தாள். குழியைப் பார்த்தாள். குனிந்து ஒரு மீனை எடுத்து, மச்சாள் செய்வதைப் போலவே கிள்ளி நாக்கில் வைத்தாள். கொஞ்ச நேரம் நின்று துப்பினாள்.

"பாக்க நல்ல மீன். சொல்லாமல் தந்திருந்தால் நான் காய்ச்சியிருப்பன், மச்சாள்."

"ஏலாது பிறின்சி."

"அப்ப நான் கேக்கிறதுக்கும் சொல்லுங்கோ. அண்டைக்கு என்ர மனிசனை உயிரோட விட்டிட்டே வந்தவர்?"

வின்சன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "மார்கிறட்" என்றார். கெஞ்சும் குரல். தனியாகத் திரும்பி வந்த அன்றே வின்சன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்பதும், முப்பது நாளாக அக்கா அதைத் தனக்குள் வைத்திருந்தார் என்பதும் எனக்கு அந்த நிமிடம்தான் விளங்கியது. மார்கிறட் அக்கா தடித்த உதட்டை முந்தானையால் துடைத்தார்.

"ஓம்" என்றார். "இருட்டுக்குள்ளை தேடினவர். ஆள் தெரியேல்லை. எண்ணெய் திரும்பி வர மட்டும்தான் இருந்தது. தம்பியின்ர சத்தம் கேக்கக் கேக்கத்தான் படகைக் கரைக்குத் திருப்பினவர்."

"என்னெண்டு கூப்பிட்டவராம்?"

"அத்தான் எண்டு. ரெண்டு தரம்."

பிறின்சி தாச்சியைக் கீழே வைத்தாள். வின்சனின் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கினாள். அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. முதலில் குனிந்து, அடக்கத்தில் போடுவதைப் போல ஒரு பிடி மண்ணைக் கையால் அள்ளிக் குழிக்குள் போட்டாள். பிறகு, நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நிற்க, குழியை அவளே மூடினாள்.