திரும்பி வரும் தட்டுகள்

மருத்துவமனை கேன்டீனின் பின்சுவரில் தலையணை அளவுக்கு ஒரு சன்னல் உண்டு. சாப்பிட்டு முடித்த தட்டுகளெல்லாம் அதன் வழியாகத்தான் உள்ளே வரும். அந்தச் சன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று இருபத்திரண்டு வருடம் தட்டு கழுவியவளுக்குத் தட்டக்கா என்று பெயர் விழுந்ததில் ஆச்சரியமில்லை. சாப்பிட்டவர்களின் முகத்தை அவள் பார்த்ததே கிடையாது. சன்னல் அவ்வளவு தாழ்வு. ஆனால் மிச்சத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள். கேரட் துண்டுகளை ஓரமாக வரிசை கட்டி வைத்திருந்தால் கணக்குப் பிரிவு. சோற்றில் குழி தோண்டி மறுபடி மூடியிருந்தால், மாடியில் படுத்திருக்கும் யாரையோ நினைத்துச் சாப்பிட முடியாமல் எழுந்து போனவர். ஒருமுறை ஒரு தட்டைப் பார்த்துவிட்டு, இவருக்கு வீட்டில் சண்டை, சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும் என்றாளாம். தட்டுக்குரியவர் எலும்பு டாக்டர். சண்டை சரியானதோடு நிற்காமல் அடுத்த வருடம் இரட்டைக் குழந்தையும் பிறந்தது என்று கேன்டீனில் இன்றும் அடித்துச் சொல்கிறார்கள்.

வெந்நீர் ஆவிக்குள் நின்றுகொண்டே இருந்தால் யாருக்கும் கண் சொக்கும். அவளுக்குத் தட்டுகள் ஊர்களாகத் தெரியும். குழம்பு ஏரி, சோற்று மேடு, பட்டாணித் தோப்பு. ஒரு ஊரைக் கழுவி வைத்தால் அடுத்த ஊர் வந்து நிற்கும். அப்படியே அவள் உலகம் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது.

மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். அப்பா இல்லாத வீடு. மாப்பிள்ளை வீட்டார் நகை கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. வரவேற்பு விருந்து மட்டும் பெண் வீட்டுப் பொறுப்பு. மாப்பிள்ளையின் பெரியப்பா ஓய்வுபெற்ற ஆபீஸ் சூப்பிரண்டு. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டே, "ஒன்பது வகையாவது இல்லாட்டி எங்க பக்கத்து ஆளுங்க என்ன நினைப்பாங்க?" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து தட்டக்காவுக்குத் தூக்கம் போயிற்று. அந்த ஒரு வேளைச் சாப்பாடு சொதப்பினால், மகள் ஆயுள் முழுக்கப் புகுந்த வீட்டில் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

மூன்று கேட்டரிங்காரர்கள் கிண்ணம் கிண்ணமாக ருசி பார்க்கக் கொடுத்தார்கள். மகள் மூன்று இடத்திலும் கண்ணை மூடி ரசித்தாள். தட்டக்கா தொடவே இல்லை.

"ரெண்டு பேருக்கு யாரு வேணா நல்லா சமைப்பாங்கடி. இருநூறு பேர் சாப்பிட்டு வெச்ச தட்டைப் பார்க்கணும்."

மூன்று ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் பரிமாறும் மண்டபங்களுக்கு மத்தியானமே போனாள். பின்வாசல் வழியாக நுழைந்து, கேன்டீன் ஏப்ரனை மாட்டிக்கொண்டு பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றுவிட்டாள். ஏப்ரன் கட்டிய பெண்ணை எந்த மண்டபத்திலும் யாரும் நீ யார் என்று கேட்பதில்லை.

முதல் மண்டபத்தில் தட்டுகள் போனபடியே திரும்பி வந்தன. இரண்டாவது இடத்தில் ஒரு பருக்கை மிச்சமில்லை. ஒவ்வொரு தட்டிலும் அவள் முகம் தெரிந்தது. மூவரில் விலை குறைந்தவரும் அவர்தான். திரும்பும் பஸ்ஸில் கண் அயர்ந்தாள். இருநூறு வெள்ளைத் தட்டுகள் ஒவ்வொன்றாக எழும்பி நிலாக்களாக மிதந்தன. அவற்றின் கீழே மகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து போனாள். இறங்க வேண்டிய இடம் தாண்டி மூன்று நிறுத்தம் போயாயிற்று. அங்கிருந்தே அந்த இரண்டாமவருக்குப் போன் போட்டு, உங்களையே வைத்துக்கொள்கிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் சன்னல் வழியே வாயில் காவலாளியின் தட்டு வந்தது. ஓரம் நசுங்கிய அந்த எவர்சில்வர் தட்டை அவர் வீட்டிலிருந்து கொண்டுவருவார். சம்பளத்துக்கு முந்தின வாரம். தட்டு பளபளத்தது, நடுவிலிருந்து ஓரம்வரை விரலால் வழித்த கோடுகள். தட்டக்காவுக்குக் கை நின்றுவிட்டது. நேற்றுப் பார்த்த தட்டுகளிலும் இதே கோடுகள்தாம். அது ருசியில் வழித்தது இல்லை, போதாமல் வழித்தது. அந்த மண்டபத்தில் சுழன்ற கரண்டியின் அளவு இப்போதுதான் நினைவுக்கு வந்தது: மருந்து ஊற்றலாம்.

"நிறைஞ்ச வயிறு ஒரு வாயாவது மிச்சம் வைக்கும்டி. இருபத்திரண்டு வருஷம் பார்த்தும் நான் ஏமாந்துட்டேன் பாரு," என்றாள் மகளிடம். வாக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டதற்குப் போனில் வேண்டிய மட்டும் திட்டு கிடைத்தது.

மூன்றாவது மண்டபத்தில் தட்டுக்கு ஒரு வாய்ச் சோறு மிச்சம் வந்தது. சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தவர்களின் தட்டுகள். ஆனால் அந்தச் சமையல் மாஸ்டர் சொன்ன விலை அவள் எட்டிப் பிடிக்கக்கூடியது அல்ல. அடுத்த நாள் அவருடைய சமையற்கூடத்துக்கே போனாள். ஒன்பது வகைக்கு இதுதான் விலை, குறைக்க முடியாதும்மா என்றார் அவர், அடுப்பிலிருந்து திரும்பாமலே.

"விலையைக் குறைக்க வேணாம் மாஸ்டர். வகையைக் குறைங்க. நாலு அப்படியே திரும்பி வருது."

மாஸ்டர் திரும்பினார். "யாரு சொன்னது?"

"தட்டுதான்." வேகவைத்த பட்டாணி, ஆறிப்போன சூப், சிவப்புக் கலவை ஊற்றிய பச்சைக் காய் என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

முப்பது வருடமாக அவர் வெளியே போகும் தட்டுகளை மட்டுமே பார்த்தவர். குரல் இறங்கிப் போய், "அந்த ரோஸ் கலர் கேக் கூடவா?" என்று கேட்டார்.

"ஒரு குழந்தை விரலால குத்திப் பார்த்திருந்துச்சு. அவ்வளவுதான்."

மாஸ்டர் மைதா மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். எழுந்தபோது ஐந்து வகை, பெரிய கரண்டி, தட்டக்காவின் கைக்கு அடங்கிய விலை என்று முடிவாகியிருந்தது.

வரவேற்பு நாளில் மகள் ஒரே ஒரு கட்டளை போட்டாள்: அம்மா பின்பக்கம் போகக் கூடாது, முன்வரிசை மேசையில்தான் உட்கார வேண்டும். உட்கார்ந்தாள். கை அரித்தது. மண்டபத்து விளக்குகள் ஆவிக்குள் இருந்து பார்ப்பது போலக் கலங்கித் தெரிந்தன. பெரியப்பா விரல் மடக்கத் தொடங்கி ஒரு கையோடு நின்று, நேரே அவளிடம் வந்தார்.

"அஞ்சுதானா?"

"சாப்பிட்டுப் பாருங்க அண்ணே," என்றாள்.

அவர் உட்கார்ந்த மேசையைத் தூண் மறைத்தது. தட்டுகள் திரும்பிப் போகும் கதவு மண்டபத்தின் மறுகோடியில் இருந்தது. அவள் வாழ்க்கையில் முதல்முறையாக, மிச்சம் தெரியாமல் மனிதர்களின் முகம் மட்டும் தெரிந்தது. முகங்களை அவளுக்குப் படிக்கத் தெரியவில்லை.

ஒரு யுகம் கழித்து, மாஸ்டரே ஒரு தட்டைத் துண்டால் மூடி, நகைப்பெட்டி போல ஏந்தி வந்து அவள் முன் வைத்தார். "விரல் மடக்கினாரே, அவரோடது," என்று காதருகே சொன்னார்.

துண்டை விலக்கினாள். மூன்று முறை வாங்கித் தின்ற கோழியின் எலும்புகள், குட்டிக் கோபுரமாக. அதன் அடிவாரத்தில், சாய்ந்து உட்கார்ந்த மனிதர் விட்டுவைத்த ஒரே ஒரு வாய்ச் சோறு. தட்டக்கா அந்தத் தட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோளில் கை விழுந்தது. மாலையோடு குனிந்த மகள், அம்மாவுக்கு வைத்திருந்த தட்டைப் பார்த்தாள். குழம்பில் ஏடு கட்டியிருந்தது, எதுவும் தொடப்படவில்லை.

"உன் தட்டு என்னம்மா சொல்லுது?"

"பயந்தாங்கொள்ளின்னு சொல்லுது," என்றாள் தட்டக்கா. பிறகு தட்டை அருகே இழுத்துக்கொண்டாள். ஆறிய சோறுதான். மெதுவாக, ஏரியைத் தாண்டி, மேட்டைக் கடந்து, தோப்பில்லாத அந்த ஊர் முழுவதையும் சுற்றிவந்தாள். கடைசியில், மறுகோடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கும் யாரோ ஒருத்திக்காக, ஓரத்தில் ஒரு வாய் விட்டுவைத்தாள்.