பெண் என்பவள் எர்கென்சுங்காம்!

போன வாரம் ஒருத்திக்கு வாழ்த்துச் சொல்லப்போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சுவிஸில், ஓஸ்டர்முண்டிகனில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் சலவை அறை. படுக்கை விரிப்பின் இந்த முனையில் நான், அந்த முனையில் நாடியா. அவள் துனீசியாக்காரி. எனக்கு அரபு தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேருக்கும் பொதுவானது உடைந்த ஜெர்மன்தான். கதைத்ததை எங்கள் தமிழிலேயே தருகிறேன்... ஜெர்மன்காரர்கள் மன்னிக்க!

"எங்கட நாட்டில புதுசா அரசியல் சட்டம் எழுதுகினம். அதில பொம்பிளையை எர்கென்சுங் எண்டு போட்டிருக்கினம்" என்றாள்.

எனக்கோ சந்தோஷம். எர்கென்சுங் என்ற சொல் தெரியாத தமிழர் இந்த நாட்டில் உண்டா? பென்ஷன் போதாதவர்களுக்கு அரசாங்கம் மேலதிகமாகக் கொடுக்கும் உதவிக்கு அதுதானே பெயர். எங்கள் இல்லத்தில் பலருடைய வாழ்க்கை அதில்தான் ஓடுகிறது.

"நல்ல விசயம்தானே. எல்லாப் பொம்பிளையளுக்குமோ, வயசு போனவைக்கு மட்டுமோ?"

நாடியா விரிப்பைக் கீழே போட்டுவிட்டாள்.

"காசில்லையப்பா. பொம்பிளைதான் எர்கென்சுங். ஆம்பிளையில குறையிறதை நிரப்புற சாமான்."

சர்வாதிகாரியை விரட்டி, முதல்முறையாகச் சுதந்திரமாக வாக்களித்த நாடு அது. வென்றது மதக் கட்சி. பெண்ணுக்கு விவாகரத்து உரிமையும், ஆணுக்கு ஒரு மனைவிதான் என்ற சட்டமும் எப்போதோ வந்துவிட்ட நாட்டில், குடும்பத்தில் பெண் ஆணுக்கு 'நிரப்பு' என்று வரைவில் எழுதியிருக்கிறார்கள். சமம் என்ற சொல் எங்கே போனது?

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உவைக்குப் போய் ஆர் வாக்குப் போட்டது?"

"என்ர தங்கச்சி."



தங்கச்சி சல்மா தெற்கே ஒரு சிறிய ஊரில் இருக்கிறாள். கணவன் இறந்துவிட்டான். ஒரே மகளுக்குச் சின்ன வயதிலேயே சீனி வருத்தம். இன்சுலின் ஊசி இல்லாமல் இருக்க முடியாது. அரசாங்க மருந்தகத்தில் இன்சுலின் இருக்கும்... அனேகமாக இருக்காது. நாடியா இங்கிருந்து காசு அனுப்பலாம். மருந்தில்லாத கடையில் காசை வைத்து என்ன செய்வது? அந்த மதக் கட்சியின் ஆட்கள்தான் தலைநகரிலிருந்து ஐஸ் பெட்டியில் வைத்து, மாதா மாதம் வாசலில் கொண்டுவந்து தருகிறார்கள். மதம் கேட்டதில்லை, வாக்குக் கேட்டும் மிரட்டியதில்லை.

சொல்லுங்கள், நீங்கள் சல்மாவாக இருந்தால் யாருக்குப் போடுவீர்கள்?

சுவிஸில் இருந்துகொண்டு 'பிற்போக்குவாதிகள்' என்று சொல்வது சுலபம். இந்த நாடே பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது எழுபத்தொன்றில்தான். அதைவிடுங்கள் — அன்று வீடு திரும்பியதும் எங்கள் தபால்பெட்டியைப் பார்த்தேன். கணவரின் பெயர் மட்டும் இருந்தது. இத்தனை வருடமாகக் கண்ணில் படவில்லை!

"என்ர பேர் எங்கையப்பா?" என்று கேட்டேன்.

"உம்மட பேர் நீளமெல்லோ... இடம் காணாது" என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சரிபாதி என்று கல்யாணத்தில் மைக் பிடித்துச் சொல்கிற கூட்டம்தான் நாங்களும்.

இதற்கிடையில், புதுச் சட்டத்தை விளக்க அந்தக் கட்சி சல்மாவின் ஊரில் பெண்களுக்கு ஒரு கூட்டம் வைத்தது. அங்கே ஒரு கேள்வி கேட்கப்போவதாகச் சல்மா போனில் சொல்லியிருக்கிறாள். சலவை அறையில் அத்தனை கொதித்த நாடியா என்ன செய்தாள் தெரியுமா? கெஞ்சினாள். "வாயை மூடிக்கொண்டு இரடி. பிள்ளையின்ர மருந்து நிண்டு போகும்."

எனக்கு அவளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பிள்ளையின் உயிர் என்றால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

சல்மா கேட்கவில்லை. பேச வந்தவர், நிரப்பு என்றால் குறைவு இல்லை, ஒரு கைக்கு மறு கை போல என்று நயமாக விளக்கினாராம். இவள் எழுந்து நின்றாள்.

"என்ர மனிசன் செத்துப்போனார். நான் இப்ப ஆருக்கு நிரப்பு?"

பேச வந்தவர் தண்ணீர் குடித்தாராம். கூட்டம் அத்தோடு கலைந்தது.

மருந்து வரவேண்டிய நாள் நேற்று. நாடியா போனை டிரையர் மேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு தலையணை உறையைத் திருப்பித் திருப்பி மடித்தாள். வீட்டில் மிச்சமிருந்தது இரண்டொரு நாளுக்கான ஊசி மட்டும்தான் என்று அப்போதுதான் எனக்குச் சொன்னாள். எனக்கும் வேலை ஓடவில்லை.

மத்தியானம் போன் அடித்தது. நாடியா கேட்டாள், கேட்டாள், பிறகு அப்படியே சுவரோடு சாய்ந்து அழத் தொடங்கினாள். நான் பயந்துவிட்டேன்.

"என்னடி, வரேல்லையோ?"

"வந்திட்டுது."

வழக்கமாக வரும் இளைஞன் வரவில்லையாம். கட்சியின் பெண்கள் பிரிவில் இருக்கும் ஒருத்தி, தலையில் முக்காட்டோடு, ஐஸ் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். மருந்தைக் கொடுத்த பிறகும் போகாமல் வாசலில் நின்றாளாம்.

"எனக்கும் மனிசன் இல்லை. அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லித் தலைநகரில பொம்பிளையள் ஊர்வலம் போகினமாம், நீங்களும் போறியள் எண்டால் என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாளாம்.

நானும் அழுதேன். ஏன் மறைக்க வேண்டும்?

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்: "அப்ப அடுத்த முறை சல்மா ஆருக்குப் போடுவா?"

"அந்தக் கட்சிக்குத்தானாம்!" என்று நாடியா தலையில் அடித்துக்கொண்டாள். "ஊர்வலத்துக்கும் போவாளாம், வாக்கும் போடுவாளாம்."

எனக்கு அதில் ஒரு முரணும் தெரியவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கத்தானே சொன்னார்கள்... வாயைப் பொத்தவா சொன்னார்கள்?