எக்ஸ்ரே அக்காவுக்கு வந்த சந்தேகம்

துணி கம்பெனி கேட்டில், வேலை முடிந்து போகும் பெண்களின் பைகளைச் சோதிப்பதுதான் அவள் வேலை. பத்தொன்பது வருடமாக நின்றபடியே செய்கிறாள். முகத்துக்கு நேரே 'அக்கா' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'எக்ஸ்ரே'. அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

டிசம்பர் பிறந்ததும் அவளுக்கு மூக்கில் வேர்த்தது. தையல் பிரிவுப் பெண்கள் கூடிக் கூடிக் குசுகுசுத்தார்கள். ஒரு தாள் கைமாறிக்கொண்டே இருந்தது. அவள் தலையைக் கண்டால் மறைந்துவிடும். எல்லாவற்றுக்கும் நடுவில் இருந்தது அங்கே தைக்கும் அவள் மருமகளேதான். மேனேஜருக்குப் புகார் எழுதுகிறார்கள், தன் வேலைக்கு உலை வைக்கிறார்கள் என்று முடிவுகட்டிவிட்டாள். இந்த வயதில் வேறு யார் வேலை தருவார்கள்?

மருமகளை வளைக்கப் பார்த்தாள். கிறிஸ்துமஸுக்கென்று ஒரு வாட்ச் வாங்கிவந்து திறந்து காட்டினாள்.

"இது உனக்குத்தான். அந்தப் பேப்பர்ல என்ன இருக்குன்னு மட்டும் சொல்லிடு."

"வாட்ச்செல்லாம் வேணாம் அத்தை. காலை நீட்டி உக்காருங்க, வெந்நீர் வைக்கிறேன்."

அழுத்தக்காரி என்று இவள் பல்லைக் கடித்தாள்.

மறுநாள் சாயங்காலம் மருமகளின் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். சாப்பாட்டு டப்பாவுக்குள் அந்தத் தாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட திருப்தியோடு விரித்தாள்.

'இந்த வருடம் எங்களுக்குக் கம்பெனி தரும் கிறிஸ்துமஸ் பரிசுப்பெட்டி வேண்டாம். அதற்குப் பதில் கேட்டில் நிற்கும் அக்காவுக்கு ஒரு நாற்காலியும், தலைக்கு மேல் ஒரு கூரையும் போட்டுக் கொடுங்கள். முழங்கால் வீங்கிப்போய் நிற்கிறார்.'

அந்தப் பெட்டியில் வரும் கம்பளிக்காக அவர்கள் வருடமெல்லாம் காத்திருப்பது அவளுக்குத் தெரியும். கீழே அறுபத்துநான்கு கையெழுத்துகள். பட்டன் எடுத்ததாகப் போன மாதம் அவள் மாட்டிவிட்ட பெண்ணுடையதுதான் முதலாவது.

"ஏன்டி எங்கிட்ட மறைச்ச?"

"சொன்னா விட்டிருப்பீங்களா அத்தை? இதுல என்ன உள்குத்துன்னு கிழிச்சுப் போட்டிருப்பீங்க."

உண்மைதான். வெட்கம் பிடுங்கித் தின்றது. தாளை மடித்து டப்பாவில் வைத்து, தானே மூடிக் கொடுத்தாள்.

அடுத்தவள் பையைத் திறந்து நீட்டினாள். எக்ஸ்ரே குனிந்தாள், கண்ணில் நீர் முட்டியதில் எதுவும் தெரியவில்லை. அந்தப் பெண் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, ஒவ்வொன்றாகத் தானே எடுத்துக் காட்டினாள்.

"குடை. பர்ஸ். டப்பா. அவ்வளவுதான் அக்கா."