அசையாத அண்ணன்

பம்மலில் தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்த என் அண்ணனுக்குக் காலில் ஆணி குத்தி டெட்டனஸ் என்னும் ரணஜன்னி கண்டது. தாம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது தொண்டை இறுகி மூச்சுத் திணறியது. டாக்டர் தூங்கவைக்க ஓர் ஊசியும் தசைகளைத் தளர்த்த ஓர் ஊசியும் போட்டு, வாய்வழியே மூச்சுக்குழாய்க்குள் டியூபைச் செருகினார். டியூபோடு இணைத்த ரப்பர் பையை அண்ணியும் நானும் மாற்றி மாற்றி அழுத்தினோம். அதுதான் அண்ணனுக்கு மூச்சு.

அவர் உடம்பில் ஓர் அசைவும் இல்லை. பார்க்க வந்த பெரியப்பா, "உயிர் எங்கடா கீது? இன்னும் இன்னாத்துக்கு அமுக்கிக்கினு கீறீங்க? வூட்டுக்குத் தூக்கிக்கினு போலாம்" என்று உரக்கச் சொன்னார்.

அண்ணி பையை விடாமல் அண்ணன் காதருகே குனிந்து, "அவர் சொல்றத காதுல வாங்காதீங்க. நான் இங்கதான் கீறேன்" என்றார். அண்ணனின் கண்ணோரத்தில் நீர் வழிந்தது.

"பாத்தீங்களா, கேக்குது!" என்று அண்ணி சிரித்தார்.

நாடி வேகமாகத் துடிப்பதைப் பார்த்த நர்ஸ் சிரிக்கவில்லை. "தூக்க மருந்து கொறைஞ்சிடுச்சும்மா. கேக்குதுன்னா வலியும் தெரியும். தசைய தளர்த்துற ஊசியால அசைஞ்சு சொல்லத்தான் முடியல" என்றபடி அடுத்த ஊசியை எடுத்தார்.

அண்ணிக்கு இன்னும் பேச ஆசை. ஆனாலும், "தூங்கட்டும் சிஸ்டர்" என்றார்.

சில வாரங்களில் அண்ணன் பிழைத்து வீடு வந்தார். அன்றைக்கு என்ன கேட்டது என்று அண்ணி அவரிடம் விசாரிக்கவே இல்லை.