உலகம்மா பார்

என் அக்கா மாரிச்செல்வியின் வீட்டுக்காரர் தவசி, பாம்பன்காரர். முப்பது வருஷமாக வல்லத்தில் போய்த் தூண்டில் போடுகிறவர். பேச்சு குறைவு, சாப்பாடு அதிகம் என்று அக்கா கேலி செய்வாள். கடலைப் பற்றிக் கேட்டால் மட்டும் மனுஷருக்கு வாய் மூடாது.

கடலுக்கடியில் மீன் அடையும் பாறைத் திட்டைப் பார் என்பார்கள். கண்டுபிடித்தவரே அதற்குப் பெயர் வைப்பார். இருக்கும் இடத்தை வெளியாளிடம் சொல்லமாட்டார். தவசி மச்சானுக்கு, அவருடைய அம்மா உலகம்மாளின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து கடலுக்குப் போன அன்று ஒரு பார் அகப்பட்டது. வல்லம் கொள்ளாத மீன். 'உலகம்மா பார்' என்று வைத்தார். கலங்கரை விளக்கத்தையும் ஒரு மொட்டைப் பனையையும் நேர்க்கோட்டில் பிடித்து ஒரு மணி நேரம் தெற்கே போகவேண்டும். நான் வெளியாள் இல்லை என்று நம்பிச் சொன்னார். அந்தப் பாரில்தான் அக்காவின் மூன்று பிள்ளைகளும் படித்தார்கள்.

நான் ராமநாதபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்துக்கொண்டு, செல்போன் செயலியில் மாயாஜாலத் தொடர்கதை எழுதுகிறவன். கடலடி ராஜ்ஜியத்துக்கு உலகம்மாபுரி என்று பெயர் வைத்தேன். இளவரசன் போகும் வழியும் மச்சான் சொன்னதுதான்: விளக்குக் கோபுரம், தலையில்லாப் பனை. ஒரு மணி நேரத்தை இரண்டரை நாழிகை ஆக்கியது மட்டுமே என் கற்பனை. அதுவரை கூட மோசமில்லை. எல்லாரும் கதை என்றுதான் படித்தார்கள்.

"இந்த ஊர்ப் பேரெல்லாம் எப்படிப் பிடிக்கிறீங்க, யோகேஸ்வரன் சார்?" என்று ஒரு வாசகி கேட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. உலகம்மா பார் நிஜமாகவே பாம்பன் கடலில் இருக்கிறது, என் மச்சான் கண்டுபிடித்தது என்று பதில் எழுதினேன். புத்தி கெட்டவன். அந்தப் பதிலும் கதையும் பாம்பன் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றின.

ஒரே மாதத்தில் அங்கே பதினோரு படகுகள். மூன்றாம் மாதம் மீன் இல்லை. மச்சான் வல்லத்தைக் கரையேற்றிவிட்டு விசைப்படகில் கூலிக்குப் போகிறார், ஐம்பத்தாறு வயதில்.

சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். போன ஞாயிறு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அக்காவைச் சோறு போடச் சொல்லி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"அழுவாதய்யா மாப்ளே. ஒன் கதைல வேற பேரு வச்சிருக்கலாம்ல? ஒனக்குத்தான் பேரு வைக்கத் தெரியுமே" என்றார்.

தெரியாது. கதையில் உள்ள இருபத்திரண்டு ஊர்ப் பெயர்களும், இதே மாதிரி சாப்பிட உட்கார்ந்த நாட்களில் அவர் சொன்னவை. ஒன்றுகூட நான் வைத்ததில்லை.